ஆஸ் எங்கேயும் ஓடிப்போகாது, மருமகனே!

வாங்க மருமகனே, வாங்க. வீரபாண்டித் திருவிழாவுக்கு லீவு போட்டு வந்தவுக, தேர் பாக்கப் போவீக, ராட்டினத்துல சுத்துவீகன்னு பாத்தா, திண்ணையில பாயை விரிச்சு நாலு பேரும் சீட்டைக் கலைச்சுக்கிட்டு இருக்கீக. அதுவும் ரம்மி இல்லையாம், பிரிட்ஜாம்! பெங்களூரு கம்பெனியில மத்தியானச் சோத்துக்கு அப்புறம் கத்துக்கிட்டீகளாம். சந்தோசம். கொடுத்த மரியாதை இம்புட்டுத்தான், போதும். இனி வாடா போடாதான். ஏன்னா நேத்து ராத்திரி நீ ஆடுன ஆட்டத்தை நான் தூணுக்குப் பின்னாடி ஒக்காந்து பாத்துட்டேன்.

"மாமாவுக்கு பிரிட்ஜ் தெரியுமா?"ன்னு ஒன் கண்ணாடிச் சேக்காளி சிரிக்கிறான். சிரிக்கட்டும். மலை மேல ஒரு எஸ்டேட் கிளப்புல டீத்தட்டு தூக்குனவன்டா நான். துரைமாரு போனதுக்கு அப்புறம் வந்த மேனேஜர் ஐயாமாரு, மழைக்காலத்துல வெளிய போக வழியில்லாம பொழுதன்னைக்கும் இதைத்தான் ஆடுவாக. ஆடுறவனுக்குத் தன் கையும், டம்மின்னு மேசையில விரிச்சு வச்ச சேக்காளி கையும்தான் தெரியும். தட்டைத் தூக்கிக்கிட்டு மேசையைச் சுத்தி வர்றவனுக்கு நாலு கையும் தெரியும். யாரு எந்தச் சீட்டுல கோட்டை விட்டான்னு டீ ஆறுறதுக்குள்ள எனக்குப் புரிஞ்சுரும். வாயைத் தொறந்தா வேலை போயிரும், அதனால தொறக்கல. இப்ப பென்சன் காலம், வாய்க்குப் பூட்டு இல்ல.

நேத்து துருப்பே இல்லாம மூணு நோ-டிரம்ப் ஏலம் எடுத்தியே, அந்தக் கையை எடு. ஒன்பது பிடி வேணும். இஸ்பேட் ஆஸ், ராஜா, ஹார்ட்டின் ஆஸ் மூணும் ஒன் கையில. கிளாவர்ல ஒங்கிட்ட ராஜாவும் எட்டும், டம்மியில ஆஸும் நாலும். ஆக அஞ்சு பிடி ரொக்கம். டம்மியில டைமன் வரிசையா ராஜா, ராணி, ஜாக்கி, பத்து, அஞ்சு. ஒங்கிட்ட டைமன் ஒம்பதும் நாலும், ரெண்டே ரெண்டு. எதிராளியோட டைமன் ஆஸை வெளிய இழுத்துட்டா நாலு பிடி அதுல வந்துரும். அஞ்சும் நாலும் ஒன்பது. இம்புட்டு லேசான கையை நம்ம ஊரு ரேஷன் கடை வரிசையில நிக்கிற பாட்டி ஆடி ஜெயிச்சுட்டு சீனியும் வாங்கிட்டுப் போயிரும்.

நீ என்ன செஞ்ச? எதிராளி கிளாவர் ராணியை எறக்குனான். ஒனக்குக் கை துறுதுறுத்துச்சு. டம்மியில ஆஸைப் பாத்த, டபார்னு அடிச்ச. அடிச்சுட்டு நெஞ்சை நிமித்தி ஒரு பார்வை வேற! அப்புறம் டைமன் ராஜா. அந்தப் பக்கம் ஒக்காந்திருந்த பிஞ்சுப்பய ஆஸை வச்சுக்கிட்டே சின்னச் சீட்டைப் போட்டான். "பயந்துட்டான்"னு நெனச்ச. டைமன் ராணி போட்ட, இப்ப ஆஸை எடுத்தான். எடுத்துட்டு மறுபடி கிளாவர். அதை ஒன் கையில இருக்கிற ராஜாதான் பிடிக்கணும். டம்மியில ஜாக்கி, பத்து, அஞ்சுன்னு மூணு டைமன் பளபளன்னு கெடக்கு, அங்கிட்டுப் போக ஒங்கிட்ட ஒரு சீட்டு இல்ல. டைமன்ல நாலுக்குப் பதிலா ஒண்ணு. ஆறு பிடியில வண்டி நின்னு போச்சு.

முதல் கிளாவரை ஒன் கையில ராஜா போட்டுப் பிடிச்சிருந்தா? டைமன் ஒம்பதை எறக்கி டம்மிக்குப் போற. அவன் எப்ப வேணா ஆஸை எடுத்துக்கட்டும். மறுபடி கிளாவர் போட்டான்னா டம்மியோட ஆஸ் அதைப் பிடிக்கும், மிச்ச டைமன் பூராம் ஒன் காலடியில. அவனே ஒன்னைக் கொண்டுபோய் டம்மியில எறக்கி விட்டிருப்பான், பஸ் காசு இல்லாம.

நம்ம பள்ளத்தாக்குல பொறந்துட்டு இது தெரியலைன்னா கேவலம்டா. 1895-ல பென்னிகுவிக் பெரியாத்து அணையைக் கட்டி முடிச்சதுல இருந்து லோயர் கேம்ப் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோக நெல்லு வெளையுது. ஒன் தாத்தன் எதுக்குச் சண்டை போட்டான்? அணையில தண்ணி இல்லாம இல்ல, அது அங்க நெறஞ்சுதான் நின்னுச்சு. வாய்க்காலை மேல்மடைக்காரன் அடைச்சுட்டான், கடைமடைக்கு வரல, அதுக்குத்தான். ஒன் டம்மியில இருந்த டைமன் அணைத்தண்ணி. கிளாவர் ஆஸ் அதுக்குப் போற வாய்க்கால். நீ முதல் காரியமா மம்பட்டியை எடுத்து வாய்க்காலை மூடிட்டு, அப்புறம் வயக்காட்டுல நின்னு வானத்தைப் பாத்த.

அதனால ஒண்ணு சொல்றேன், கேளு, கேக்காமப் போ. டம்மி மேசைக்கு வந்ததும் சீட்டைத் தொடாத. வெத்தலை ஒரு மடிப்பு மடிச்சு வாயில போடுற நேரம் சும்மா இரு. ரொக்கப் பிடி எத்தனை, பத்தாக்கொறை எத்தனை, அது எந்த ரகத்துல வரும், அங்க போய் எடுக்க எது வழி? மேனேஜர் ஐயா ஒருத்தர் இருந்தாரு, முதல் சீட்டுக்கு அம்புட்டு நேரம் எடுப்பாரு, அதுக்குள்ள நான் டீயைச் சூடு பண்ணிக் கொண்டாந்துருவேன். அப்புறம் மிச்சப் பன்னெண்டு சீட்டும் சரசரன்னு விழும். நீ அதுக்கு நேர் எதிரு. முதல் சீட்டை மின்னலாப் போட்டுட்டு எட்டாவது சீட்டுல போயி தாடையைத் தடவுற. எட்டாவது சீட்டுல யோசிக்க என்னடா இருக்கு, அழ வேண்டியதுதான்.

அதே வாய்க்காலை எதிராளிக்கு அடைக்கிறதும் ஒரு வித்தை. நோ-டிரம்ப்ல அவன் ஹார்ட்டின் ராஜா எறக்குறான். ஒங்கிட்ட ஆஸ், ஆறு, மூணு. டம்மியில அஞ்சும் ரெண்டும். நீ என்ன செய்வ? தெரியும், ஆஸை அடிப்ப. அடிக்காத. ஏழுல இருந்து அந்த ரகத்துல ஒங்க ரெண்டு கையிலயும் இருக்கிற சீட்டைக் கழி. ஏழுல அஞ்சு போனா ரெண்டு. ரெண்டு சுத்து விட்டுக்கொடு, மூணாவதுல ஆஸை எடு. வெளிய எட்டு ஹார்ட்டின் இருக்கு. அது அஞ்சு-மூணா பிரிஞ்சிருந்தா, மூணு வச்சிருந்தவன் கையில ஹார்ட்டின் தீந்துபோச்சு. பின்னாடி அவன் ஒரு பிடி பிடிச்சாலும் தன் சேக்காளிக்கு அனுப்ப ஹார்ட்டின் இருக்காது. இதை மலை மேல "ஏழு கணக்கு"ன்னு சொல்லுவாக. கைவிரல் பத்தும் இருக்கிற எவனும் போடலாம்.

ஒனக்கு இன்னொரு மூடநம்பிக்கை இருக்கு. வெளிய ஆறு சீட்டு இருந்தா மூணு-மூணாத்தான் இருக்கும்னு அடிச்சுச் சொல்ற. என்னமோ எதிராளிக ரெண்டு பேரும் பாகப்பிரிவினை பண்ணி ரிஜிஸ்தர் ஆபீஸ்ல பதிஞ்ச மாதிரி. ஆறு சீட்டு மூணு-மூணா பிரியிறது நூத்துக்கு 36 தடவைதான். நாலு-ரெண்டு 48 தடவை. நாலு சீட்டு வெளிய இருந்தா ரெண்டு-ரெண்டு 41, மூணு-ஒண்ணு 50. ஆனா அஞ்சு சீட்டு இருந்தா மூணு-ரெண்டு 68. ரெட்டைப்படையா வெளிய நின்னா சரிபாதியா பிரியும்னு நம்பாத, ஒத்தைப்படையா நின்னா கொஞ்சம் நம்பு. கோயில்ல சாமிகிட்ட கேக்குறதா இருந்தாலும் இந்தக் கணக்கைப் பாத்துட்டுக் கேளு, சாமிக்கும் கஷ்டம் கொறையும்.

ஒங்க வயசுல நாங்க என்ன பிரிட்ஜா ஆடுனோம்? குமுளி ஏறி அங்கிட்டுப் போனா இருபத்தெட்டு. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புல போன நம்மாளுக அதைக் கத்துக்கிட்டு வந்து இங்க மந்தையில ஆடுவாக. 32 சீட்டுதான். ஜாக்கிக்கு 3, ஒம்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒண்ணு ஒண்ணு, நாலு ரகத்துக்கும் சேத்தா 28. துருப்பு என்னன்னு யாருக்கும் காட்டாம கவுத்தி வச்சுட்டு ஆடணும். அதுல ஆஸுக்கு மூணாவது நாற்காலிதான், ஜாக்கியும் ஒம்பதும் ஒக்காந்த பெறகுதான் அது ஒக்காரணும். அந்த ஆட்டத்துல பழகுனவன் ஆஸைக் கண்டதும் துள்ள மாட்டான். கவுத்தி வச்ச துருப்பு என்னன்னு, விழுற சீட்டை வச்சே கண்டுபிடிச்சுருவான். ஒங்களுக்கு பிரிட்ஜ்ல துருப்பைச் சத்தம் போட்டுச் சொல்லி, போதாததுக்குப் பதிமூணு சீட்டை மேசையில விரிச்சும் காட்டுறாக. அப்பவும் மத்த ரெண்டு கையில என்ன இருக்குன்னு கண்டுபிடிக்க முடியலைன்னா எப்பிடிடா நீயெல்லாம் கம்ப்யூட்டர்ல பூச்சி பிடிக்கிற?

சரி, ஏலம் எடுக்காத நேரத்துல நீ ஆடுற தடுப்பாட்டம் இருக்கே, அது இன்னும் விசேஷம். "மூணாவது ஆளு பெரிய சீட்டு போடணும்"னு எவனோ சொல்லிக் கொடுத்துட்டான். அதை ஆண்டவன் கட்டளைன்னு வச்சுக்கிட்ட.

நேத்துக் கடைசிக் கை. எதிராளி நோ-டிரம்ப் ஆடுறான். ஒன் சேக்காளி இஸ்பேட் ஏழு எறக்குனான், தன்னோட நீளமான ரகத்துல மேல இருந்து நாலாவது சீட்டு. டம்மியில ராணி, எட்டு, மூணு. ஒங்கிட்ட ஆஸ், ஜாக்கி, அஞ்சு. டம்மியில இருந்து மூணு விழுந்துச்சு. பதினொண்ணுல இருந்து ஏழைக் கழிச்சா நாலு. சேக்காளி கையைத் தவிர மத்த மூணு கையிலயும் ஏழுக்கு மேல நாலே சீட்டுதான் இருக்க முடியும். டம்மியில ராணி, எட்டு, ரெண்டு ஆச்சு. ஒங்கிட்ட ஆஸ், ஜாக்கி, ரெண்டு ஆச்சு. கணக்கு முடிஞ்சு போச்சுடா! ஏலம் எடுத்தவன் கையில ஏழைத் தாண்டுற இஸ்பேட் ஒண்ணுகூட இல்ல. நீ அஞ்சைப் போட்டுட்டுக் கையைக் கட்டிக்கிட்டு ஒக்காந்தா, ஒன் சேக்காளியோட ஏழே பிடியைத் தட்டிட்டு வரும். அவன் மறுபடி இஸ்பேட் போடுவான், டம்மியோட ராணி ஒன் ஆஸுக்கும் ஜாக்கிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கும்.

நீ ஆஸை அடிச்ச. ராணிக்கு உயிர் வந்துருச்சு. ஒன் சேக்காளி மூஞ்சியை நான் பாத்தேன். எலக்சன்ல டெபாசிட் போனவன் மூஞ்சிகூட அம்புட்டு வாடாது.

முதல்ல சொன்ன கையில அந்தப் பிஞ்சுப்பய டைமன் ஆஸை ஒரு சுத்து ஏன் பிடிச்சு வச்சான், தெரியுமா? ஒன்னைக் கண்டு பயந்து இல்ல. அவன் சேக்காளி முதல் சுத்துல ஆகச் சின்ன டைமனைப் போட்டான். "எங்கிட்ட ஒத்தைப்படை"ன்னு அதுக்கு அர்த்தம். ரெட்டைப்படையா இருந்தா பெருசு முதல்ல, சின்னது அடுத்து. பய எண்ணிட்டான்: டம்மியில அஞ்சு, எங்கிட்ட மூணு, சேக்காளிகிட்ட மூணு, பதிமூணுல பதினொண்ணு போச்சு, ஏலக்காரன்கிட்ட ரெண்டு. ரெண்டாவது சுத்தோட அவன் கை வறண்டுரும், அப்ப எடுத்தாப் போதும். அந்தப் பயலுக்கு இன்னும் மீசை மொளைக்கல. நீ ரெண்டாவது ஆளா ஒக்காந்திருக்கும்போது ராஜாவை வீணா எறிஞ்சதையெல்லாம் நான் சொல்லல, சாப்பிட்ட சோறு செரிக்கணும்.

இதுக்கு மேல ஒண்ணு. கை தோத்ததும் சேக்காளியைப் பாத்துக் கத்துனியே, அதைத் தெருவே கேட்டுச்சு. அமெரிக்காவுல கான்சாஸ் சிட்டின்னு ஒரு ஊரு. 1929-ல அங்க ஜான் பென்னெட்டுன்னு ஒருத்தன், பொண்டாட்டி மர்ட்டில் அவனுக்கு ஜோடி, பக்கத்து வீட்டுக்காரங்களோட பிரிட்ஜ் ஆடுறாக. நாலு இஸ்பேட் ஏலம் எடுத்துட்டுத் தோத்துட்டான். அந்தம்மா என்னமோ சொல்ல, அவன் கை நீட்ட, அந்தம்மா துப்பாக்கியை எடுத்துட்டு வந்து சுட்டுக் கொன்னுருச்சு. 1931-ல கோர்ட்டு விடுதலையும் பண்ணிருச்சு. எலி கல்பர்ட்சன்னு அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரரு அந்தக் கையை அப்படி ஆடியிருக்கலாம், இப்படி ஆடியிருக்கலாம்னு ஆராய்ச்சியே பண்ணுனாரு. செத்தவனுக்கு அதுல என்ன பிரயோசனம்? நீ கண்ணாலம் கட்டுனதுக்கு அப்புறம் பொண்டாட்டியோட ஜோடி சேந்து ஆடுறதா இருந்தா, நம்ம வீட்டுல அருவாமனை எங்க இருக்குன்னு முதல்ல பாத்து வச்சுக்க.

ஒங்க அத்தை வேற காலையில இருந்து "வீட்டைச் சூதாட்டக் கிளப்பாக்கிட்டானுக"ன்னு சமையக்கட்டுல பாத்திரத்தை உருட்டுறா. அவகிட்ட நான் 1967-ல சுப்ரீம் கோர்ட்டு சொன்னதை எடுத்துச் சொல்லிப் பாத்தேன். செகந்திராபாத்ல ஒரு கிளப்பு மேல போட்ட ரம்மி கேசு. நீதிபதி இதாயத்துல்லா, ரம்மி மூணு சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் இல்ல, விழுற சீட்டை ஞாபகம் வச்சுக்கிட்டு ஆடுற திறமை வேணும்னாரு. அதுல இருக்கிற அதிர்ஷ்டம் பிரிட்ஜ்ல சீட்டுப் போடும்போது வர்ற அதிர்ஷ்டம் மாதிரிதான்னும் சொன்னாரு. அத்தை கரண்டியைக் கீழ வைக்காமலே கேட்டா: "திறமை வேணும்ங்கிறாரே, அது நம்ம மருமகனுக்கு எப்பிடிப் பொருந்தும்?" எனக்குப் பதில் வரல.

ஆனா ஜகார்த்தா கதையைச் சொன்னதும் கொஞ்சம் காது கொடுத்தா. 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில முதல் தடவையா பிரிட்ஜைச் சேத்தாக. ஆண்கள் ஜோடி ஆட்டத்துல கொல்கத்தாக்காரங்க ரெண்டு பேரு, பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும், தங்கம் வாங்குனாக. ஒருத்தருக்கு வயசு 60, இன்னொருத்தருக்கு 56. திருச்செந்தூர்ப் பக்கத்துல பொறந்த ஷிவ் நாடாரோட வீட்டம்மா கிரண் நாடார் கலப்புக் குழுவுல வெண்கலம் வாங்குனாக. அஞ்சு வருசம் கழிச்சு ஹாங்சோவுல நம்ம ஆம்பளைக் குழு வெள்ளி. நீ மாசாமாசம் ஜிம்முக்குக் காசு கட்டி ஒடம்பைத் தேத்துற, மருமகனே, அந்த அறுபது வயசுக்காரரு நாற்காலியில ஒக்காந்தபடிக்கே தங்கத்தைக் கழுத்துல போட்டுக்கிட்டு வந்துட்டாரு.

இந்தா, போறதுக்கு முன்னாடி ஒரு கை வைக்கிறேன். ராத்திரி சோறு திங்கிறதுக்குள்ள பதில் சொல்லு. மூணு நோ-டிரம்ப், எட்டுப் பிடி ரொக்கம், இன்னும் ஒண்ணே ஒண்ணு வேணும். ஹார்ட்டின் டம்மியில ஆஸ், ராஜா, ராணி, மூணு. ஒங்கிட்ட ஏழு, ஆறு, ரெண்டு. வெளிய ஆறு ஹார்ட்டின். டைமன் ஒங்கிட்ட ஆஸும் ராணியும், டம்மியில ரெண்டு சின்னச் சீட்டு. ராஜா எவன்கிட்ட இருக்கோ தெரியாது, டம்மியில இருந்து சின்ன டைமன் எறக்கி ராணியைப் போட்டுப் பாக்குற ஃபினெஸ் பாதிக்குப் பாதி. எதிராளி பிடியை வாங்கிட்டான்னா கிளாவர்ல அஞ்சு பிடி எடுக்கக் காத்துக்கிட்டு இருக்கான். ஹார்ட்டினா, டைமனா? எதை முதல்ல தொடுவ, ஏன்?

கண்ணாடிக்காரா, நீ மொபைலை எடுக்காத, வச்சுரு. மருமகனே, நீ டைமன் பக்கம் கையைக் கொண்டு போற, தெரியுது, தெரியுது...

"ஹார்ட்டினை மூணு சுத்து இழுக்கச் சொல்லுங்க அந்தப் பயலை! நாலாவது பிடி வரலைன்னா டம்மியில இருந்தே டைமன் ஃபினெஸ் போட்டுக்கலாம்ல, நூத்துக்கு 68 வருதே!"

கேட்டியா? சமையக்கட்டுல இருந்து. பாத்திரத்தை உருட்டிக்கிட்டே. எழுந்திரிச்சுப் போயி ஒங்க அத்தைக்கு ஒரு நாற்காலி கொண்டாந்து போடுடா. கண்ணாடிக்காரன் எந்திரிக்கட்டும், நான் அவளுக்கு ஜோடியா ஒக்காருறேன்.